ஐஸ்லாந்து: வங்கிகள் விழுந்த பிறகு

2008 அக்டோபரில் ஒரே வாரத்தில் மூன்று பெரிய வங்கிகளும் விழுந்தபோது ஐஸ்லாந்தின் மக்கள்தொகை மூன்றேகால் லட்சம்கூட இல்லை. காப்பாற்ற அரசிடம் பணமும் இல்லை. உள்நாட்டு வைப்புகளைப் புதிய வங்கிகளுக்கு மாற்றிவிட்டு, வெளிநாட்டில் கடன் கொடுத்தவர்களை நஷ்டத்தை ஏற்கவிட்டார்கள். விழுந்த வங்கிகளில் ஒன்று பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் நடத்திய ஐஸ்சேவ் என்ற இணையச் சேமிப்புக் கணக்குகளுக்காக அந்த இரு நாடுகளும் கேட்ட பணத்தைத் தரும் ஒப்பந்தங்களை மக்கள் 2010-லும் 2011-லும் வாக்களித்து நிராகரித்தார்கள், 2013-ல் எஃப்டா (ஐரோப்பிய தடையற்ற வணிகக் கூட்டமைப்பு) நீதிமன்றமும் ஐஸ்லாந்து பக்கமே தீர்ப்பு சொன்னது. பெரிய வங்கித் தலைவர்கள் சிலர் சிறைக்கே போனார்கள், இதை வேறு எத்தனை நாடுகள் செய்தன சொல்லுங்கள்!

ஆனால் எல்லாம் சுபம் என்று எழுதுகிறவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. அப்போது அங்கே பெரும்பாலான வீட்டுக்கடன்கள் விலைவாசியோடு பிணைக்கப்பட்டிருந்தன. அந்நாட்டு நாணயமான குரோனா சரிந்து விலை ஏற ஏற, மாதாமாதம் தவணை ஒழுங்காகக் கட்டிய குடும்பத்துக்கும் அசல் கூடிக்கொண்டே போனது. அதில் ஒரு பகுதியை அரசு குறைக்க 2014 ஆகிவிட்டது.