சிச்சிகஸ்தெனாங்கோவில் ஒரு வழிபாடு

மாயர்கள் என்றதும் காட்டுக்குள் இடிந்து கிடக்கும் பிரமிடுகளையும் 'மறைந்துபோன நாகரிகம்' என்ற பேச்சையும்தான் பலரும் எடுக்கிறார்கள். வேலை நிமித்தம் குவாத்தமாலாவில் குடியிருக்கும் எனக்கு அதைக் கேட்டாலே மனம் ஆறுவதில்லை. மாயர்கள் எங்கும் மறைந்துவிடவில்லை. மாயர்களில் ஒரு பிரிவினரான கீச்சே மக்களின் மலையூரான சிச்சிகஸ்தெனாங்கோவில் அவர்கள் கும்பிடுவதை ஒருமுறை பார்த்தவர் அப்படிப் பேசமாட்டார்.

வியாழனும் ஞாயிறும் அங்கே சந்தை. நாங்கள் போன ஞாயிற்றுக்கிழமை, சாந்தோ தோமாஸ் தேவாலயத்தின் படிகளில் பூக்காரிகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஸ்பானியர்கள் 16ஆம் நூற்றாண்டில் பழைய மாயக் கோயிலின் மேடைமீதே கட்டிய ஆலயம் இது. 18 படிகளும் மாயர்களின் சூரிய நாட்காட்டியின் 18 மாதங்கள் என்கிறார்கள். படியில் தீ எரிகிறது. துளையிட்ட தகர டப்பாவில் கொபல் என்னும் மரப்பிசினைப் புகையவிட்டு, அதை வீசியபடியே ஒருவர் மந்திரம்போல் முணுமுணுக்கிறார். முன்வாசல் வழிபடுவோருக்கு உரியது. நாங்கள் பக்கவாசல் வழியாகத்தான் போனோம். உள்ளே தரையோடு தாழ்ந்த மேடைகளில் மெழுகுவத்திகள், சுற்றிலும் பூவிதழ்கள். முழங்காலிட்டவர்கள் இறந்துபோன முன்னோர்களிடம் வாய்விட்டுப் பேசுகிறார்கள். படம் எடுக்கக் கூடாது. எடுக்கத் தோன்றவும் இல்லை.

கீச்சே மக்களின் புனித நூலான போபோல் வூவை 1700களின் தொடக்கத்தில் பிரான்சிஸ்கோ ஹிமெனெஸ் என்ற பாதிரியார் படியெடுத்ததும் இவ்வூரில்தான். கடவுளர் மண்ணாலும் மரத்தாலும் மனிதரைச் செய்துபார்த்து, கடைசியில் மக்காச்சோள மாவில் செய்தபோதுதான் சரியாக வந்தது என்கிறது அந்நூல்.

ஊருக்கு வெளியே, பைன் மரங்கள் அடர்ந்த குன்றின்மேல் பாஸ்குவால் அபாஹ் என்ற தெய்வம் இருக்கிறார். கரிபிடித்த கல் முகம். கூரையும் இல்லை, சுவரும் இல்லை. ஊர் எல்லையில் வெட்டவெளியில் நிற்கும் நம் காவல் தெய்வத்தின் முன் நிற்பதுபோல என் கை தானாகவே குவிந்தது. நாள் கணிக்கும் பூசகர் ஒருவர் ஒரு குடும்பத்துக்காக வழிபாட்டைத் தொடங்கவிருந்தார். அனுமதி கேட்டோம், தலையசைத்தார்.

தரையில் சர்க்கரையால் வட்டம் போட்டு, உள்ளே சிலுவைபோல் கோடிழுத்தார். அதன்மேல் கொபல் உருண்டைகளை அடுக்கினார். கிழக்குக்குச் சிவப்பு, மேற்குக்குக் கறுப்பு, வடக்குக்கு வெள்ளை, தெற்குக்கு மஞ்சள் என மெழுகுவத்திகளை வைத்தார். தீ பற்றியதும் மாய நாட்காட்டியின் 20 நாட்களுக்கும் உரிய தெய்வங்களை ஒவ்வொருவராக, ஒன்றிலிருந்து பதின்மூன்று வரை எண்ணி அழைத்தார். இருபதைப் பதின்மூன்றால் பெருக்கி வரும் 260 நாள் புனிதக் கணக்கு முழுவதும் அவர் நாவிலேயே இருந்தது. நடுவே என் கையிலும் ஒரு மெழுகுவத்தியைக் கொடுத்து, "யாருக்காகக் கேட்கிறீர்கள்?" என்றார். அம்மாவின் பெயரைச் சொல்லித் தீயில் இட்டேன். தழல் சுழன்று எழுந்தது. "உங்கள் வேண்டுதல் தெய்வங்களின் காதில் விழுந்துவிட்டது" என்றார். நான் நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் மாயர்கள். கீச்சே மாநிலம் பட்ட பாடு கொஞ்சமல்ல. அத்தனைக்கும் பிறகும் நாள் எண்ணிக்கை அறுபடவில்லை என்பதை நினைக்கும்போது, இம்மக்களின் பக்திமுன் நம்முடையது எம்மாத்திரம் என்று தோன்றுகிறது.

260 நாட்களுக்கு ஒருமுறை வரும் வஹ்ஷகிப் பாட்ஸ் திருநாளில் மொமோஸ்தெனாங்கோ என்ற ஊரில் புதிய பூசகர்களுக்குப் பொறுப்பு அளிப்பார்கள். அடுத்து வரும் அந்த நாளுக்கு இப்போதே விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.