கோலாலம்பூரில் அகதி நேர்காணல்: போகப் போகிறவர்களுக்கு

1951 அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை, அதோடு சேர்ந்த 1967 நெறிமுறையிலும் இல்லை. அதனால் இலங்கையிலிருந்து வந்த நான் அகதியா இல்லையா என்று விசாரித்து முடிவு சொன்னது இந்த நாட்டு அரசாங்கம் அல்ல, ஐ.நா. அகதிகள் ஆணையம். கோலாலம்பூரில் புக்கிட் பெட்டாலிங் பக்கம் அதன் அலுவலகம் இருக்கிறது. ஆணையம் தருகிற அடையாள அட்டையைத்தான் நாங்கள் யூ.என். கார்டு என்போம்.

"யூ.என். கார்டு எடுக்க எவ்வளவு காசு?" என்றுதான் புதிதாக வருகிற எங்கள் சனம் முதலில் கேட்கிறது. ஒரு காசும் இல்லை. பதிவு, நேர்காணல், கார்டு எல்லாமே இலவசம். கோலாலம்பூர் செந்தூல் பகுதியில் ஒருவர் "உள்ளே ஆள் இருக்கு" என்று என்னிடமும் பணம் கேட்டார். கொடுக்கவில்லை. நீங்களும் கொடுக்காதீர்கள்.

பதிவில் பெரிதாக ஒன்றுமில்லை. குடும்ப விவரம் கேட்பார்கள், படம் எடுப்பார்கள், கைரேகை எடுப்பார்கள். பிறகு நேர்காணலுக்குக் காத்திருக்க வேண்டும். எல்லாமே அந்த நேர்காணலில்தான் இருக்கிறது.

ஊரில் வேலை இல்லை, கடன் தொல்லை என்பதெல்லாம் உண்மையான கஷ்டம்தான். ஆனால் அது மட்டும் ஒருவரை அகதி ஆக்காது. இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்திருப்பது, இவற்றில் ஒன்றின் காரணமாக உங்களுக்கு ஆபத்து என்று விளங்க வேண்டும். யார் தேடி வந்தார்கள், ஏன் உங்களைத் தேடினார்கள், இப்போது திரும்பிப் போனால் என்ன நடக்கும் என்று கேட்பார்கள். தேதி ஞாபகம் இல்லாவிட்டால் இல்லை என்றே சொல்லுங்கள். முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியே வந்த பிறகா, மெனிக் ஃபாம் முகாமில் இருந்தபோதா, கோயில் திருவிழாவுக்கு முந்தின கிழமையா என்று சொன்னாலும் போதும். என்னிடம் ஒரே விஷயத்தை வேறு வேறு விதமாகக் கேட்டார்கள். நம்பவில்லையோ என்று நெஞ்சு படபடத்தது. ஆனால் அந்த அதிகாரி நான் சொன்னதை விடாமல் பதிந்துகொண்டிருந்தார். முடிவு அந்தப் பதிவை வைத்துத்தான் வரும் என்பதால், மொழிபெயர்ப்பாளர் சொன்னது விளங்காவிட்டால் அங்கேயே நிறுத்திக் கேட்க வேண்டும். பெண்கள் பெண் அதிகாரியையும் பெண் மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். நீங்கள் சொல்வது இலங்கை அரசாங்கத்துக்குப் போகாது. இன்னொருவரின் கதையை வாங்கி ஒப்பிக்க மட்டும் வேண்டாம், உங்கள் கதையே போதும்.

மறுத்துக் கடிதம் வந்தால் 30 நாளுக்குள் எழுத்தில் மேல்முறையீடு செய்யலாம். முதலில் முடிவு எடுத்தவர் இல்லாமல் வேறொருவர் அதைப் பார்ப்பார்.

சரி, கார்டு கையில் வந்தால்? அரசாங்க மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி குறையும். சட்டப்படி வேலை செய்ய முடியாது, பிள்ளைகளுக்கு அரசாங்கப் பள்ளியும் இல்லை. அனுமதியில்லாமல் நுழைந்தவருக்கு 10,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) வரை அபராதம், 5 வருடம் வரை சிறை, 6 பிரம்படி வரை கொடுக்கக் குடிநுழைவுச் சட்டத்தில் இடமுண்டு. அந்தச் சட்டம் அகதி, மற்றவர் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. கார்டைப் பார்த்துவிட்டு விட்ட போலீஸ்காரர்களும் உண்டு, ஆனால் அதை உரிமையாகக் கேட்க முடியாது.

அதனால்தான் 2011இல் நடந்ததை நான் பெரிதாக நினைக்கிறேன். படகில் வந்த 800 பேரை ஆஸ்திரேலியா இங்கே அனுப்பும், பதிலுக்கு இங்கிருந்து 4,000 அகதிகளை எடுக்கும் என்று அந்த ஜூலையில் இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்டன. ஆகஸ்ட் 31ஆம் தேதி ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் அதைத் தடுத்துவிட்டது. அகதிகளைப் பாதுகாக்க மலேசியா சட்டப்படி கடமைப்படவில்லை, எனவே அங்கே அனுப்ப அமைச்சருக்கு அதிகாரமில்லை என்றது தீர்ப்பு. இங்கே வாழ்கிற எனக்கு அது முழுக்க நியாயமாகப் படுகிறது. உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது உடன்படிக்கையின் 33ஆம் பிரிவு. கையெழுத்திட்ட நாடு விசாரணையை வெளியே தள்ளிவிட்டால் அந்தப் பொறுப்பும் கூடவே போய்விடாது.

மூன்றாம் நாட்டுக்கு, அதாவது நிரந்தரமாகக் குடியேற எங்களை ஏற்கிற வேறொரு நாட்டுக்கு, எப்படி விண்ணப்பிப்பது என்றும் கேட்கிறார்கள். அதற்கு நாமாக விண்ணப்பிக்க முடியாது. ஆணையம்தான் பெயரைப் பரிந்துரைக்கும். அப்புறம் அந்த நாடு தானும் ஒரு நேர்காணல் வைத்து, எடுப்பதா இல்லையா என்று முடிவு செய்யும். உலக அகதிகளில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட அந்த வாய்ப்பு கிடைப்பதில்லை. என் பெயர் இன்னும் போகவில்லை. போன் நம்பரோ வீடோ மாறினால் உடனே ஆணையத்துக்குத் தெரிவியுங்கள், அழைப்பு எப்போது வேண்டுமானாலும் வரலாம்.