பாட ஒருங்கிணைப்பாளர் கையில் இருப்பது பேச்சு ஒன்றுதான்

மெட்ரிகுலேஷன் பள்ளிகளில், ஒரு பாடத்தை நடத்தும் ஆசிரியர்களை ஒருங்கிணைக்கும் சக ஆசிரியர்தான் பாட ஒருங்கிணைப்பாளர். அவருக்குச் சம்பளம் உயர்த்தவோ மெமோ கொடுக்கவோ அதிகாரம் கிடையாது. ஆனால் ரிசல்ட் குறைந்தால் கேள்வி முதலில் அவரிடம்தான் வரும். நேற்றுவரை பக்கத்து நாற்காலியில் டீ குடித்தவரிடம், சில சமயம் பத்து வருடம் மூத்தவரிடம், பேசியே வேலை நடக்க வேண்டும்.

பலரும் சறுக்குவது வகுப்பைப் பார்வையிட்ட பிறகு பேசும் இடத்தில். சொல்லாமல் போய்க் கடைசி பெஞ்சில் உட்காராதீர்கள். முந்தின நாளே, "நாளைக்கு 10 பி-யில மூணாவது பீரியட் வரட்டுமா சார்? எதைப் பார்க்கணும்னு நீங்களே சொல்லுங்க" என்று கேட்டுவிடுங்கள். நோட்டில் உங்கள் அபிப்பிராயம் வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதுங்கள்: எத்தனை கேள்வி கேட்டார், யார் பதில் சொன்னார்கள், பதிலுக்கு எத்தனை விநாடி காத்திருந்தார். "பசங்க கவனிக்கல" என்றால் அவர் மறுத்துப் பேசுவார். "12 கேள்வியில 9-க்கு முன்வரிசை மூணு பேர்தான் பதில் சொன்னாங்க" என்றால் யோசிப்பார்.

அன்றைக்கே, ஸ்டாஃப் ரூமில் அல்ல, காலியான வகுப்பறையில் பத்து நிமிடம் உட்காருங்கள். முதலில் அவர் பேசட்டும். "ரொம்ப நல்லா இருந்துச்சு, ஆனா..." என்று ஆரம்பித்தால் 'ஆனா'வுக்கு முந்தின பாராட்டு அவர் காதில் ஏறாது. ஒரே ஒரு மாற்றத்தைப் பேசி முடிவு செய்யுங்கள்: கேள்வி கேட்டு, மனசுக்குள் ஐந்து எண்ணி, பிறகு பெயர் சொல்லிக் கூப்பிடுவது. இரண்டு வாரம் கழித்துப் போய் அதை மட்டும் பாருங்கள். அந்த நோட்டு தாளாளர் மேசைக்குப் போகவே கூடாது. ஒருமுறை போனால், அதற்கப்புறம் ஒத்திகை பார்த்த வகுப்புதான் உங்களுக்குக் காட்டப்படும்.

அடுத்தது விடைத்தாள். பத்தாம் வகுப்புக் கணக்கில் 8 மார்க் வரைபடத்தில், அளவுத்திட்டம் எழுதாததற்கு ஒருவர் மார்க் குறைப்பார், இன்னொருவர் விட்டுவிடுவார். இரண்டு செக்‌ஷன் பெற்றோரும் ஒப்பிட்டுப் பார்க்கும் நாளில் பிரச்சினை வெடிக்கும். காலாண்டுத் தேர்வுக் கட்டைப் பிரித்துக் கொடுக்கும் முன் மூன்று தாளை ஜெராக்ஸ் எடுத்து எல்லோரும் தனித்தனியே திருத்துங்கள். மார்க் வேறுபடும் இடத்தில் முடிவெடுத்து விடைக்குறிப்பில் எழுதிவிடுங்கள். அரை மணி நேரம் போதும். கூட்டத்தில் இளையவர் முதலில் பேசட்டும், நீங்கள் கடைசியில். நீங்கள் முதலில் சொன்னால் மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

முதல்வரிடம் போகும்போது "டீச்சர்ஸ் ரொம்ப கஷ்டப்படுறாங்க" என்று மட்டும் சொன்னால் அனுதாபம் கிடைக்கும், பீரியட் கிடைக்காது. மெல்லக் கற்போருக்கு வாரம் இரண்டு பீரியட், எந்தக் கிழமை, எந்த ஆசிரியர், எத்தனை மாணவர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். அவர் மறுத்தால் அன்று மாலையே காரணத்தோடு ஆசிரியர்களிடம் சொல்லிவிடுங்கள். "நான் சொன்னேன், அவங்கதான் கேக்கல" என்று மட்டும் சொல்ல வேண்டாம். இன்று முதல்வரைப் பற்றி இப்படிச் சொல்பவர், நாளை தங்களைப் பற்றி முதல்வரிடம் என்ன சொல்வாரோ என்றுதான் கேட்பவர்களுக்குத் தோன்றும்.