பான்டூன் படகில் இரட்டை பேட்டரி சுவிட்ச்

பான்டூன் படகை (மிதவைக் குழாய்களின் மேல் தட்டையான தளம் கொண்ட படகு) நீரின் நடுவே நிறுத்திப் பாட்டையும் விளக்கையும் ஓடவிட்டால், கிளம்பும்போது எஞ்சினை இயக்கப் பேட்டரியில் வலு எஞ்சாது என்பதால், ஸ்டார்ட்டருக்கு ஒன்று, மற்றவற்றுக்கு டீப் சைக்கிள் (நெடுநேரம் மின்சாரம் தந்து பெருமளவு தீர்ந்தாலும் தாங்கும்) வகையில் ஒன்று என இரண்டு பேட்டரிகள் வைத்து, நான்கு நிலைச் சுவிட்ச் (1, 2, இரண்டும், ஆஃப்) ஒன்றைப் பொருத்தினேன். பாசிட்டிவ் கேபிள்கள் சுவிட்சின் 1, 2 முனைகளுக்குச் செல்கின்றன. நெகட்டிவ் முனைகள் இரண்டையும் ஒன்றாக இணைத்தே தீரவேண்டும்.

எஞ்சின் ஓடும்போது சுவிட்சை ‘ஆஃப்’ நிலைக்குத் திருப்பினால், எஞ்சின் சுழற்சியால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் மின்சாரம் போக வழியின்றி மின்னழுத்தம் சட்டென உயர்ந்து, அதிலுள்ள டையோடுகள் கருகிவிடக்கூடும். ஆகவே ‘ஆஃப்’ பக்கம் போகாமல், 1இலிருந்து 2க்கு ‘இரண்டும்’ என்ற நிலை வழியாகவே செல்ல வேண்டும். எஞ்சினை அணைத்த பிறகும் (பலர் மறப்பது இதைத்தான்) அந்த நிலையிலேயே விட்டுவைத்தால், இரு பேட்டரிகளும் சேர்ந்தே தீர்ந்துபோகும்.