சரயேவோ 1984: வெள்ளி நாணயம் வாங்கும்முன்

சரயேவோ குளிர்கால ஒலிம்பிக்குக்காக யூகோஸ்லாவியா நாணயம் அடித்தபோதே நாடு தள்ளாடிக்கொண்டிருந்தது. 1980-இல் நாட்டை ஆண்ட அதிபர் டிட்டோ இறந்துவிட்டார், வெளிநாட்டுக் கடன் தலைக்கு மேல், பெட்ரோலுக்கும் காபிக்கும் தட்டுப்பாடு. 1991-இல் நாடு உடைந்தது. அடுத்த ஆண்டே சரயேவோ முற்றுகையில் சிக்கியது. ட்ரெபெவிச் மலையில் பாப்ஸ்லெட் (பனிச்சறுக்கு வண்டிப் பந்தயம்) ஓடிய தடத்தில் பீரங்கி நின்றது. விற்பவர்கள் இந்தக் கதையைச் சொல்லித்தான் விலை ஏற்றுவார்கள். நாடு மறைந்ததாலேயே நாணயம் அரிதாகிவிடாது.

எடையைப் பாருங்கள். வெள்ளியில் மூன்று முகமதிப்புகள்; மூன்றுமே 925 வெள்ளி, அதாவது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. 100 தினார் 13 கிராம், 30 மி.மீ.; 250 தினார் 17 கிராம், 34 மி.மீ.; 500 தினார் 23 கிராம், 38 மி.மீ. முகமதிப்பு ஐந்து மடங்கு, வெள்ளியோ இரண்டு மடங்குகூட இல்லை! அந்த முகமதிப்பும் நிலைக்கவில்லை. 1990 ஜனவரி 1 அன்று 10,000 பழைய தினார் ஒரு புதிய தினாரானது. 500 தினார் வெறும் 5 பாரா (நூறு பாரா ஒரு தினார்).

நாட்டுச் சின்னத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஆறு குடியரசுகளுக்கு ஆறு தீப்பந்தங்கள், சுடர் ஒன்று, கீழே 29.XI.1943 என்ற தேதி. பந்தங்கள் தனித்தனியாகத் தெரியாமல் குழம்பியிருந்தால் வார்ப்புப் போலியோ என்று சந்தேகிக்கலாம்.

முலாம் பூசிய போலி எடையில் தப்பிவிடும், கன அளவில் மாட்டும். 0.01 கிராம் காட்டும் தராசில் நீர்க்குவளையை வைத்துப் பூஜ்யமாக்கி, நாணயத்தை நூலில் கட்டி அடியில் படாமல் மூழ்கவிடுங்கள். நாணயம் விலக்கும் நீரின் எடையைத் தராசு காட்டும்; 23 கிராம் நாணயத்துக்குச் சுமார் 2.22 கிராம் காட்ட வேண்டும். செம்பு-நிக்கல் என்றால் 2.58 வரும். காய்ச்சி வடித்த நீர்தான் வேண்டும், குழாய்த் தண்ணீர் நாணயத்தின் கண்ணாடி போன்ற பரப்பில் புள்ளி போடும். பழைய கேப்சூலில் (நாணயத்தை மூடிய பிளாஸ்டிக் கூடு) அப்பழுக்கில்லாமல் இருப்பதை இதற்காகத் திறக்கவே கூடாது. கேப்சூலோடு எடை போட்டு, அதே அளவு காலிக் கேப்சூலின் எடையைக் கழித்துப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பச்சைப் பிசுக்கு இருந்தால் பிவிசி பிளாஸ்டிக் உறையின் வேலை. சுத்தமான அசிட்டோனில் சில நிமிடம் ஊறவிட்டு, வேறு அசிட்டோனில் அலசி, துடைக்காமல் காயவிடுங்கள். கண்ணாடிப் பாத்திரம், திறந்த ஜன்னல், பக்கத்தில் நெருப்பு கூடாது. பற்பசையோ துணியோ பட்டால் ப்ரூஃப் (சேகரிப்பாளர்களுக்காகக் கண்ணாடிபோல் பளபளக்க அடித்த நாணயம்) பரப்பில் மயிரிழைக் கீறல் விழும்; அதன்பின் வெள்ளி எடைக்குத்தான் போகும்.