பிரேக் பேட் மாத்தப் போய் மூணு சனிக்கிழமை கடைக்கு அலைஞ்ச கதை

ரெண்டு வாரமா என் கார் மெதுவா போகும்போது பிரேக்கை லேசா தொட்டாலே முன்னாடி இடது பக்கத்துல இருந்து கீச்சுனு ஒரு சத்தம், ஸ்பீடா போனா கேக்காது, தெருவுக்குள்ள நுழைஞ்சா மட்டும் எல்லாரும் திரும்பிப் பாக்குற அளவுக்குக் கத்தும். பேட்ங்கிறது வீலோட சுத்துற டிஸ்க்குங்கிற இரும்புத் தட்டை அழுத்தி நிறுத்துற கட்டை, அது தேஞ்சதும் டிஸ்க்ல போய் உரசட்டும்னு பேட்லயே ஒரு சின்ன தகடு வச்சிருப்பாங்க, அதோட வேலையே கத்துறதுதான், சரி பேட் மாத்துற நேரம் வந்துடுச்சு அவ்ளோதான்னு நெனச்சேன். ஆயில், ஃபில்டர், பேட்டரி மாதிரி சின்ன வேலை எல்லாம் நானே பண்ணிருக்கேன், ஆனா பிரேக்ல கை வைக்கிறது இதுதான் முதல் தடவை. ஒரு காலைல முடிஞ்சுடும்னு ஆரம்பிச்சது மூணு சனிக்கிழமை இழுத்துச்சு, அதுலயும் ஸ்பானர் புடிச்ச நேரத்தை விட பார்ட்ஸ் கடை கவுண்டர்ல நின்ன நேரம்தான் ஜாஸ்தி.

முதல் சனிக்கிழமை நான் பண்ண முட்டாள்தனம், வண்டியைக் கழட்டிப் பாக்காமலேயே கடைக்குப் போனது. வண்டி பேர், வருஷம் சொல்லி முன்பக்கத்துக்குப் பேட் ஒரு செட் குடுங்கண்ணேன்னேன். கடைக்காரரும் கம்ப்யூட்டர்ல தட்டிக்கிட்டே ஏபிஎஸ் இருக்கா, எந்த வேரியன்ட், பின்னாடி டிரம்மா டிஸ்க்கானு கேட்டார், எல்லாத்துக்கும் டக்டக்குனு பதில் சொன்னேன், பெரிய ஆள் மாதிரி. ஆனா வருஷம்னு நான் சொன்னது வண்டியை ரிஜிஸ்டர் பண்ண வருஷம். வண்டி தயாரிச்சது அதுக்கு முந்தின வருஷக் கடைசில. அந்த ரெண்டுக்கும் நடுவுல கம்பெனி காலிப்பரையே (பேட்டைப் புடிச்சு டிஸ்க் மேல அழுத்துற பாகம்) மாத்திட்டான்னு எனக்கு எப்படித் தெரியும்.

வீட்டுக்கு வந்து ஜாக்கி போட்டு, கீழ ஸ்டாண்டு வச்சு (வெறும் ஜாக்கிய நம்பி வீல் கழட்டாதீங்க, இது மட்டும் சொல்லிடுறேன்), காலிப்பரோட கீழ் போல்ட்டைக் கழட்டி மேல தூக்கிவிட்டா பழைய பேட் கையோட வந்துடுச்சு. புது பேட்டை வச்சா உக்காரல. பேட்டோட ரெண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும்ல, அது பேட்டைத் தாங்குற பிராக்கெட்குள்ள போகவே மாட்டேங்குது. முதல்ல பெயின்ட் தடிமன்தான் புடிக்குதுன்னு நெனச்சு அரத்தைக் கூட கையில எடுத்துட்டேன். அப்புறம் பழசையும் புதுசையும் பக்கத்துல வச்சு அளந்தா 4 மிமீ வித்தியாசம். பெயின்ட் 4 மிமீ இருக்காது. நல்லவேளை ராவுறதுக்கு முன்னாடி அளந்தேன், ஒரு தடவை அரம் பட்டுருந்தா கடைல திருப்பி வாங்கியிருக்க மாட்டாங்க, அதை விட முக்கியம், பிரேக்கை இரும்பு ராவி உக்கார வைக்கிறது வேலையே இல்ல.

இன்னொண்ணும் அப்போதான் கண்ணுல பட்டுச்சு. வெளிப்பக்கத்துப் பேட்ல இன்னும் 6 மிமீ இருக்கு, உள்பக்கத்துல 2 மிமீ கூட முழுசா இல்ல. ஒரே வீல்ல இப்படித் தேயக்கூடாது. காலிப்பர் முன்னபின்ன நகர்றதுக்கு ரெண்டு பின் இருக்கும், அதுல ஒண்ணு இறுகிப் போயிருந்துச்சு, கையால இழுத்தா அசையல. காலிப்பர்ல இருக்குற பிஸ்டன் உள்பேட்டைத் தள்ளுது, காலிப்பர் நகர்ந்து வெளிப்பேட்டை இழுக்க மாட்டேங்குது, அதான் உள்பேட் மட்டும் செத்துப் போச்சு. பேட்டை மட்டும் மாத்தியிருந்தா கொஞ்ச மாசத்துல திரும்பவும் இதே கீச்சுதான். பழசையே திரும்ப மாட்டி, வண்டியை எடுக்காம அந்த வாரம் முழுக்க அப்படியே நிப்பாட்டி வச்சுட்டேன்.

ரெண்டாவது சனிக்கிழமை பழைய பேட்டை பேப்பர்ல சுத்தி பைல போட்டுக்கிட்டு, சேசிஸ் நம்பரை ஒரு சீட்டுல எழுதிக்கிட்டுப் போனேன். அண்ணன் டைப் பண்ணிட்டு, தப்பான நம்பர்னு வருதே தம்பி, எங்க காட்டுங்கனு சீட்டை வாங்கிப் பாத்துட்டு சிரிச்சார். "இதுல ஓ-ங்கிற எழுத்தே வராது, அது ஜீரோ." 17 எழுத்து இருக்குற அந்த நம்பர்ல ஐ, ஓ, க்யூ மூணும் கிடையாதாம், 1, 0 கூட குழம்பக்கூடாதுன்னு. நான் வேற அழகா வட்டமா ஓ போட்டு வச்சிருக்கேன். சரியான நம்பரைப் போட்டதும் போன வாரம் வந்த பேட் இல்லாம வேற பார்ட் நம்பர் வந்துச்சு. அப்பவும் அவர் பெட்டியை அப்படியே குடுக்கல, புது பேட்டை எடுத்து என் பழைய பேட் மேல வச்சு ஓரம் எல்லாம் விரலால தடவிப் பாத்தார், காது, தகட்டோட முதுகு, கிளிப் உக்கார்ற ஓட்டை, அந்தக் கத்துற தகடு எந்தப் பக்கம் இருக்குங்கிற வரைக்கும். கம்ப்யூட்டர் சொன்னாலும் இரும்பு சொல்லணும் தம்பினு சொன்னார்.

பேட் ஓரத்துல எஃப்எஃப்னு அடிச்சிருந்துச்சு. ரெண்டு எழுத்துல முதல் எழுத்து சாதாரண சூட்டுல எவ்வளவு உராய்வு, ரெண்டாவது நல்லா சூடானப்புறம் எவ்வளவுனு அர்த்தம். இ-ன்னா உராய்வுக் குணகம் 0.25ல இருந்து 0.35, எஃப்-னா 0.35ல இருந்து 0.45, ஜி-ன்னா அதுக்கு மேல. உடனே ஜிஜி போட்டது குடுங்கன்னு கேக்காதீங்க, நான் கேட்டேன், அதான் சொல்றேன். அந்த எழுத்து உராய்வை மட்டும்தான் சொல்லும், எவ்வளவு நாள் உழைக்கும், சத்தம் போடுமா, டிஸ்க்கைத் தின்னுமானு எல்லாம் சொல்லாது. வண்டில வந்தது எஃப்எஃப்னா எஃப்எஃப்தான்.

கெளம்பும்போது டிஸ்க் அளந்தீங்களானு கேட்டார். பளபளன்னுதாண்ணே இருக்குன்னேன். பளபளப்பை யார் கேட்டா, தடிமன் கேட்டேன்னார். டிஸ்க்கோட நடுப்பகுதிலயோ ஓரத்துலயோ குறைஞ்சபட்சத் தடிமன் வெட்டியிருப்பாங்க, என்னோடதுல துருவை சுரண்டிப் பாத்தா 20 மிமீனு இருந்துச்சு. வீட்டுக்கு வந்து வெர்னியர் (ரெண்டு தாடைக்கு நடுவுல வச்சு தடிமன் அளக்குற கருவி) வச்சு அளந்தா 21.4, ஆகா பொழச்சோம்னு சந்தோஷமா இருந்துச்சு. ஆனா அது பொய்க் கணக்கு. பேட் படாத வெளி ஓரம் தேயாம ஒரு வரம்பு மாதிரி நிக்கும், வெர்னியர் தாடை அந்த வரம்பு மேல உக்காந்துக்கிட்டு உள்ள இருக்குற பள்ளத்தைக் காட்டாது. சின்ன முனையால உள்ள தொட்டு அளக்குற மைக்ரோமீட்டர் இருந்தா பிரச்சனை இல்ல, என்கிட்ட இல்ல, அதனால ஒரே மாதிரி ரெண்டு நாணயத்தை டிஸ்க்கோட ரெண்டு பக்கமும் பேட் படுற இடத்துல வச்சுப் புடிச்சு மொத்தமா அளந்து நாணயத்தோட தடிமனைக் கழிச்சேன். 19.7. போச்சு, டிஸ்க்கும் மாத்தணும், அதுவும் ஒரு பக்கம் மட்டும் முடியாது, ஜோடியாத்தான்.

டிஸ்க்கைக் கழட்டுறது தனிக் கூத்து. துருப் புடிச்சு ஹப்போட (வீல் மாட்டுற நடுப்பகுதி) ஒட்டிக்கிட்டு வரவே மாட்டேங்குது, சுத்தியலால அரை மணி நேரம் தட்டி கைதான் வலிச்சுச்சு. அப்புறம் பாத்தா டிஸ்க் முகத்துலயே மரை போட்ட ரெண்டு சின்ன ஓட்டை இருக்கு, அதுல எம்8 போல்ட் ரெண்டை மாத்தி மாத்தி முறுக்குனா அதுவே டிஸ்க்கை வெளிய தள்ளிடுது. டொக்குனு ஒரு சத்தம், வந்துடுச்சு.

மூணாவது சனிக்கிழமை அந்த இரும்புத் தட்டை சாக்குல போட்டுத் தூக்கிட்டுப் போய் கவுண்டர் மேல வச்சேன். இந்தத் தடவை கம்ப்யூட்டர் ரெண்டு டிஸ்க் காட்டுச்சு, ரெண்டுக்கும் ஒரே விட்டம், அதே தடிமன், அதே நாலு ஓட்டை. ரெண்டையும் தரையில கவுத்து வச்சு மேல ஒரு ஸ்கேல் வச்சதும்தான் தெரிஞ்சுச்சு, ஒண்ணு தொப்பி மாதிரி இருக்குற பகுதில என்னோடதை விட சில மிமீ உசரம். அதை மாட்டியிருந்தா டிஸ்க் நடுவுல நிக்காம பிராக்கெட்ல உரசியிருக்கும். பழசைத் தூக்கிட்டுப் போகலன்னா அதுக்கு இன்னொரு சனிக்கிழமை.

கூடவே பேட் கிளிப், பின்னுக்கு ரப்பர் பூட், சிலிக்கான் கிரீஸ் வாங்கினேன். கையில இருக்குற சாதா கிரீஸைப் போடலாமானு கேட்டதுக்கு அது ரப்பரை ஊத வச்சு திரும்பவும் பின் இறுகும்னார், யோசிச்சா முன்னாடி யாரோ அப்படித்தான் போட்டிருக்கணும், பழைய ரப்பர் உப்பிப் போய்தான் கிடந்துச்சு. பிரேக் ஃப்ளூயிட் டேங்க் மூடில டாட் 4னு அதோட வகை போட்டிருந்துச்சு, அதையே வாங்கினேன். பக்கத்துலயே டாட் 5 இருந்துச்சு, நம்பர் பெருசா இருக்கேன்னு எடுத்துடாதீங்க, அது சிலிக்கான், 4 கூட சேராது. 5.1ன்னா கதை வேற, அது 3, 4 மாதிரியே கிளைகால் வகை.

மாட்டுறதுல பெரிய கதை இல்ல. புது டிஸ்க்ல துரு வராம இருக்க எண்ணெய் பூசியிருப்பாங்க, அதை பிரேக் கிளீனர் போட்டு முழுசா துடைச்சேன். பிஸ்டனை உள்ள தள்ளும்போது மேல டேங்க்ல ஃப்ளூயிட் ஏறி வழியப் பாத்துச்சு, சிரிஞ்ச்ல கொஞ்சம் உறிஞ்சி எடுத்தேன், பெயின்ட்ல பட்டா உரிச்சுடும். எல்லாம் முடிச்சு உக்காந்து பெடலை மிதிச்சா தரை வரைக்கும் போகுது, ஒரு நொடி வயிறு கலங்கிடுச்சு, அப்புறம் நாலஞ்சு தடவை மிதிச்சதும் பிஸ்டன் பேட்டைத் தொட்டு பெடல் கெட்டியாச்சு. இதை வண்டி நின்னுக்கிட்டு இருக்கும்போதே பண்ணிடுங்க. காலி ரோட்டுல 50ல இருந்து 10 வரைக்கும் பத்து தடவை போல மெதுவா குறைச்சு, நடுவுல ஆற விட்டு ஓட்டினேன். கீச்சு இல்ல.

அந்த வேகத்துல பின்பக்க டிரம்மையும் கழட்டிப் பாத்தேன், ஷூ (டிரம்முக்குள்ள பேட் பண்ற வேலையைப் பண்றது) தேஞ்சிருக்கு, டிரம் உள்ள அதிகபட்ச விட்டம் வெட்டியிருக்கு, அதை அளந்து பாத்தா இன்னும் இடம் இருக்கு. ஸ்பிரிங் எது எங்கன்னு குழம்பக்கூடாதுன்னு ஒரு பக்கம் மட்டும் பிரிச்சுட்டு இன்னொரு பக்கத்தைத் தொடாம விட்டிருக்கேன், போட்டோவும் எடுத்தாச்சு. கழட்டுன ரெண்டு ஷூல ஒண்ணுல லைனிங், அதாவது உராயுற பட்டை, கொஞ்சம் குட்டை, அதனால எது முன்னாடி இருந்துச்சு எது பின்னாடின்னு மார்க்கர்ல எழுதி ரெண்டையும் பைல போட்டு வாசல் பக்கத்துல வச்சிருக்கேன். அடுத்த சனிக்கிழமை கடை திறந்ததும் போகணும்.