பேர்கனில் இருந்து கப்பல் இல்லை

கொழும்பில் இருந்து விமானத்தில் லண்டன். அங்கே அக்கா வீட்டுக் காரில் ஹாரிச் துறைமுகம், இரவுக் கப்பலில் ஒல்லாந்து, பிறகு ஜேர்மனியில் ஹம் காமாட்சி அம்பாள் கோயில், டென்மார்க்கில் சித்தப்பா வீடு, ஹிர்ட்சால்ஸில் மறுபடி கப்பல் ஏறி நோர்வே. கடைசியாக அங்குள்ள பேர்கனில் இருந்து நேரே இங்கிலாந்தின் நியூகாசிலுக்கு ஒரு கப்பல், அக்கா வீடு. வெள்ளவத்தையில் எங்கள் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து இந்த வட்டத்தைப் பேனாவால் போட்ட அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

எங்கள் காரையே காங்கேசன்துறையில் ஏற்றலாமே என்று கேட்டவர்களும் உண்டு. அங்கிருந்து நாகப்பட்டினத்துக்கு 2023 ஒக்டோபரில் தொடங்கிய கப்பல் சேவை ஆட்களுக்கு மட்டும்தான், கார் ஏற்ற முடியாது.

இரண்டு விசா வேண்டும்: பிரித்தானியாவுக்கு ஒன்று, மற்ற ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா ஒன்று. பாஸ்போர்ட் ஒன்றுதான். பிரித்தானிய விசாவுக்குக் கொடுத்த பாஸ்போர்ட் கைக்கு வரும்வரை எங்களுக்கு ஷெங்கன் விசாவுக்குப் போட வழியிருக்கவில்லை. இதை யாரும் முதலில் சொல்லவில்லை. ஷெங்கன் விண்ணப்பத்தைப் பயணத்துக்கு 6 மாதத்துக்கு முன்பிருந்தே கொடுக்கலாம் என்பதால், பிரித்தானிய விசாவை அதற்கு முன்பே முடித்து வைத்திருங்கள். விமானச் சீட்டையும் பார்த்து எடுங்கள். இலங்கைப் பாஸ்போர்ட்டில் பிரித்தானிய விசாவை மட்டும் வைத்துக்கொண்டு பிராங்பேர்ட் போன்ற இடங்களில் விமானம் மாற முடியாது, அதற்கும் தனி விசா கேட்பார்கள். நாங்கள் டுபாய் வழியாகப் போனோம்.

ஷெங்கன் கோப்பைத் தயார் செய்தவர் ஒரு பயண முகவர். பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். விண்ணப்பம் ஜேர்மனிக்கு. கவுண்டரில் இருந்த பெண் எங்கள் பயணத் திட்டத்தை எடுத்து, ஒவ்வொரு இரவுக்கும் பென்சிலால் ஒரு கோடு போட்டார். நோர்வே 6, ஜேர்மனி 5, டென்மார்க் 3. கப்பலில் கழியும் இரவைக்கூட முகவர் நோர்வே ஹோட்டல் கணக்கில் சேர்த்திருந்தார். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விசா கேட்க வேண்டும். அந்தப் பெண் கோப்பை மெதுவாக என் பக்கம் தள்ளிவிட்டார். அவரில் பிழையில்லை. அரைநாள் லீவு போனது, அம்மாவை வெயிலில் கூட்டிக்கொண்டு போய் வந்ததும் வீண். முகவருக்கு அழைத்தால், "அவங்க வழமையா பார்க்கிறதில்ல" என்றார். இப்போதும் நினைத்தால் கோபம் வருகிறது.

அன்றிரவு இரவுகளைச் சரி செய்ய உட்கார்ந்தபோதுதான் பேர்கன் கப்பலின் நேரத்தைத் தேடினேன். அந்தச் சேவை 2008-லேயே நின்றுவிட்டது. சித்தப்பா அதில் போனவர், அவர் சொன்னது பொய்யல்ல, ஆனால் பழைய கதை. முகவர் அதைக் கேட்டபடியே திட்டத்தில் அச்சடித்துத் தந்திருக்கிறார். டென்மார்க்கின் எஸ்பியர்கில் இருந்து ஹாரிச்சுக்கு ஓடிய கப்பலாவது இருக்குமா என்று பார்த்தேன். அதுவும் 2014-இல் நின்றுவிட்டது. அந்தப் பக்கம் இருந்து காரோடு இங்கிலாந்துக்கு வர ஒல்லாந்துவரையாவது கீழே இறங்கியே ஆக வேண்டும்.

அதனால் இதைச் செய்யுங்கள்: வரைபடத்தில் கடலுக்குக் குறுக்கே புள்ளிக்கோடு இருந்தாலும் நம்பாதீர்கள். கப்பல் கம்பனியின் பதிவுப் பக்கத்தில் உங்கள் திகதியையும் காரையும் போட்டுப் பாருங்கள். விலை வந்தால்தான் கப்பல் உண்டு. சில கப்பல்கள் கோடையில் மட்டும் ஓடும். விசா வரும்வரை திகதி மாற்றக்கூடிய சீட்டையே எடுங்கள், கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை.

வட்டம் உடைந்ததில் ஒரு நன்மை. நோர்வேயின் லார்விக்கில் இருந்து டென்மார்க்கின் ஹிர்ட்சால்ஸுக்குக் கப்பலில் திரும்பி, ஜேர்மனி வழியாகவே கீழே வரத் தீர்மானித்தோம். ஹம்மில் மச்சாள் வீட்டில் இன்னும் 2 இரவு. ஜேர்மனி 7, நோர்வே 5. இந்த முறை நானே ஒவ்வொரு இரவையும் எண்ணி எழுதினேன், கப்பல் இரவுகளைக் கப்பல் என்றே எழுதினேன். விசா வந்தது.

அப்புறம்தான் பெரிய அடி. நான் ஓடுவதற்காகச் சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரமும் எடுத்து வைத்திருந்தேன். அக்காவின் கணவர், எங்கள் அத்தானின் காருக்கான காப்புறுதிக் கம்பனியோ, இலங்கை அனுமதிப்பத்திரக்காரரைச் சேர்க்க மாட்டோம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. இந்தக் கேள்வியை நான் எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்டிருக்க வேண்டும். அத்தான்தான், "நீர் பேப்பர் அலுவலைப் பாரும், நான் ஓடுறன்" என்று தன் வருட லீவில் பாதியை எடுத்தார். அந்த மனிதருக்கு என்ன கைமாறு செய்வது என்று தெரியவில்லை.

ஹாரிச்சில் அக்கா கட்டித் தந்த ஆட்டிறைச்சி ரோல்ஸை வரிசையில் நிற்கும்போதே சாப்பிட்டு முடித்தோம். இங்கிலாந்தில் இருந்து ஒல்லாந்துக்குள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோக விடமாட்டார்கள். மீன் கட்லட் தப்பியது.

கப்பல் புறப்பட்டுக் கபினுக்குள் போன பிறகு அம்மா பிரஷர் மாத்திரை கேட்டார். பை காரின் டிக்கியில். ஓடும் கப்பலில் கார்த் தளத்துக்கு யாரையும் விடமாட்டார்கள், தகவல் மேசையில் கெஞ்சியும் பலனில்லை. வியர்த்துப்போய்த் திரும்பி வந்தால், மனைவி தன் கைப்பையைக் கட்டிலில் கொட்டித் தேடிக்கொண்டிருந்தாள். கொழும்பில் புறப்படும் அன்று அட்டையில் இருந்து கத்தரிக்கோலால் வெட்டி வைத்த 2 மாத்திரை, சில்லறைக் காசுகளுக்கு நடுவில் கிடந்தது. அம்மா ஒன்றைப் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, மற்றதைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு படுத்தார்.